போர்டுல தப்பில்லைங்க

அம்மாவ அந்த ஃபேனுக்கு அடியில உக்கார வைங்க தம்பி. வலது பக்கந்தானுங்களே விழுந்துபோச்சு? என்ற சம்சாரத்துக்கும் வலதுதானுங்க. வலது கை, வலது கால், அதோட பேச்சு. மூணும் ஒரே நாள்ல. காது நல்லாக் கேக்கும், புத்தி தெளிவா இருக்கும், வாயத் தொறந்தா மட்டும் ஊ ஊன்னு வரும். அம்மாவுக்கும் அப்படித்தானுங்களே? பாத்தாலே தெரியுது. வந்ததுல இருந்து என்னையவே பாக்கறாங்க.

பிசியோதெரபி பண்றவர் சொல்லித்தான வந்தீங்க? சின்னவேடம்பட்டில நாச்சிமுத்து சார்னு ஒருத்தர், வாய் வராதவங்களுக்குப் பேசற பொட்டி பண்ணுவார்னு சொல்லியிருப்பார். நல்ல மனுசன். அவர் ஒருத்தர்தானுங்க இன்னும் என்னைப் பத்தி நல்லபடியாச் சொல்றவர். மத்தவங்க சொல்றது உங்க காதுக்கு வரலியா? வரும். மரகதம்னு என்ற கொழுந்தியா ஒருத்தி இருக்கறா, சம்பூரணத்தோட தங்கச்சி. சம்பூரணம்தான் என்ற சம்சாரம். செத்து எட்டு மாசம் ஆச்சு. அந்த மரகதம் பல்லடத்துல இருந்து பொள்ளாச்சி வரைக்கும் சொந்தக்காரங்க ஒரு வீடு பாக்கியில்லாமச் சொல்லி வெச்சிருக்கறா, மாமா பண்ணுன பொட்டியாலதான் அக்கா செத்தான்னு.

அதுதான் தம்பி எனக்குத் தாங்கல. கோபக்காரன்னு சொல்லட்டும், கஞ்சன்னு சொல்லட்டும், வாங்கிக்கறேன். ஆனா முப்பத்தி மூணு வருசம் பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் லேப் பாத்தவன் நானு. பொட்டிக்குள்ள இருக்கற என்ற சர்க்யூட் போர்டு மேல குத்தம் சொன்னா நெஞ்சு எரியுதுங்க. நீங்க படிச்சவராத் தெரியறீங்க. மொதல்ல இருந்து சொல்லிப்போடறேன், நீங்களே நாயம் சொல்லுங்க.

வாதம் வந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பறப்ப ஒரு அட்டை குடுத்தாங்க. டம்ளர் படம், தட்டு படம், கட்டில் படம். இடது கையில தொட்டுக் காட்டோணுமாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சின்னப் புள்ளைக பள்ளிக்கூடமா இது? அட்டைய அலமாரி மேல தூக்கிப் போட்டேன். உனக்கு நான் கொரலே பண்ணித் தாறேன் பாருன்னேன். அவளும் தலைய ஆட்டுனா. அன்னைக்கு அவ மூஞ்சியப் பாத்திருக்கோணும் நீங்க, அத்தனை நம்பிக்கை.

கடையில ஓட்டை போட்ட போர்டு ரெடிமேடா விக்கறான். அது வீல் சேர் கைக்கு அடியில நிக்காதுங்க. ரெண்டே கால் இஞ்சு அகலம், ஏழு இஞ்சு நீளம், அந்த அளவுக்கு நாமளாத்தான் போர்டு பண்ணோணும். காப்பர் தகடு ஒட்டுன போர்டு வாங்கி, அதுல கரண்ட் போற வழியெல்லாம் மார்க்கர்ல கோடு போடோணும். அப்புறம் ஆசிட் மாதிரி ஒரு தண்ணி, பெர்ரிக் குளோரைடும்பாங்க, அதுல ஊறப் போட்டா கோடு போட்ட எடத்துல மட்டும் காப்பர் நிக்கும், மீதியெல்லாம் கரைஞ்சு போயிரும். அதை இரும்பு ஏனத்துல ஊத்தப்படாது, தின்னு போடும். பிளாஸ்டிக்தான் ஆகும். சம்பூரணம் அரிசி களையற பேசன் சமையக்கட்டுல இருந்துது, அதை எடுத்தேன். இவ ஊ ஊன்னு கத்தறா, கைய ஆட்டி ஆட்டிக் காட்டறா. நீ இனி எங்க அரிசி களையப் போறேன்னேன். ஆட்டுன கைய மடியில வெச்சுக்கிட்டா.

மொதப் போர்டு வீணாப் போச்சு. அதுக்குக் காரணமும் அவதான். காப்பர் பக்கம் வரையறப்பக் கண்ணாடில பாக்கற மாதிரி இட வலம் மாத்தி வரையோணுங்க. கருத்தா வரைஞ்சிட்டிருக்கறேன், இவ கட்டில்ல இருந்து ஊங்கறா. என்னன்னு திரும்பிப் பாத்துட்டு மறுக்காக் குனிஞ்சவன் நேராவே வரைஞ்சு போட்டேன். ஆசிட்ல இருந்து எடுத்த பொறகுதான் தெரியுது. கோபம்னா கோபம். அன்னைக்குப் பூரா நான் அவகூட நாயமே பேசல. அவளாலதான் பேச முடியாது, நானும் பேசல.

ரெண்டாவது போர்டு ஜம்முனு வந்துது. ஓட்டை போட்டு, பார்ட்ஸோட கம்பிக்கால் எல்லாம் சொருகி, ஈயம் பத்த வெச்சு முடிச்சேன். ஒவ்வொரு ஜாயின்ட்டும் முத்து மாதிரி. உள்ள இருக்கறது எட்டு மெசேஜ் பதிஞ்சு வெச்சுப் பேசற ஐசி, சின்ன சிப்பு. எட்டுப் பட்டன், ஒரு ஸ்பீக்கர், ஒரு பேட்டரி.

யாரு கொரல்ல ரிக்கார்டு பண்றதுன்னு ஒரு பேச்சு வந்துது. மரகதம் அவ பையன் கலியாண வீடியோவ ஃபோன்ல எடுத்துட்டு வந்தா. சம்பூரணம் பந்தியில நின்னு பேசறா அதுல, 'மரகதம், அந்தக் கடைசி எலைக்குப் பாயசமே போகலையாமா, போய்ப் பாரு'ன்னு சொல்லிச் சிரிக்கறா. மாமா, அக்கா கொரல் இதுல எவ்வளவு நேரம் இருக்குது பாருங்க, வெட்டி ஒட்ட முடியாதுங்களான்னு கேட்டா. சம்பூரணம் அந்த ஃபோனை இடது கையில புடிச்சவ உடவே இல்ல. ஆனா பின்னாடி நாதஸ்வரம், மேளம். பூரா இரைச்சல். நல்ல ரிக்கார்டிங்குக்கு அது ஆகாதுங்க. ஒரே வார்த்தைல முடியாதுன்னுட்டேன். அறைக்கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திட்டு, என்ற கொரல்லயே பேசிப் பதிஞ்சேன். கணீர்னு வந்துது.

அவ என்கிட்ட எப்பவும் மரியாதையாத்தான் பேசுவா. நாப்பது வருசத்துல நீ வா போன்னதில்ல. அதனால நானும் அப்படியே பதிஞ்சேன். தண்ணி வேணுங்க. பசிக்குதுங்க. பாத்ரூம் போகோணுங்க. படுக்கோணுங்க. டிவி போடுங்க. சாமி பாட்டுப் போடுங்க. வலிக்குதுங்க. ஏழு ஆச்சு. எட்டாவதுக்குத்தான் ரெண்டு நாள் ரோசனை. வேண்டாம்னு ஒண்ணு வைங்க மாமாங்கறா மரகதம். நோயாளி எதை வேண்டாங்கறது? சோத்தையா, மாத்திரையையா? அதெல்லாம் நம்ம பாத்து முடிவு பண்றது. கடைசில, ரொம்ப நன்றிங்க, அதைப் போட்டேன். டாக்டர் வாறார், சொந்தம் ஒறம்பரை வாறாங்க, அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்களா?

வீல் சேரோட இடது கைக்கு அடியில போர்டை வெச்சு, நாலு திருகாணி போட்டு முறுக்குனேன். பட்டன் மட்டும் மேல தெரியும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்டிக்கர். அவ விரலைப் புடிச்சு மொதப் பட்டன் மேல வெச்சேன். அமுக்குனா. தண்ணி வேணுங்கன்னு பொட்டி சொல்லுச்சு. நான் ஓடிப் போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். அவ அழுதா தம்பி. நானும் அழுதுட்டேன், பொய் சொல்லக்கூடாது. சோத்துக்கும் தண்ணிக்கும் ஊ ஊன்னு கெடந்தவ, கேட்டு வாங்கிக் குடிக்கறா. அந்த மாசம் பூரா நான் தரையில நடக்கல.

ஆனா பாருங்க, கொஞ்ச நாள்ல அவ அதைத் தாறுமாறா அமுக்க ஆரம்பிச்சா. டிவி ஓடிட்டிருக்கும், டிவி போடுங்கம்பா. ஓடிட்டுத்தான இருக்குதும்பேன். மறுக்காவும் அமுக்குவா. ஒருநாள் மரகதம் வந்தவ, எந்திரிச்சுப் போய் டிவிய அமத்திப்போட்டா. உடனே இவ, ரொம்ப நன்றிங்க. அக்காளும் தங்கச்சியும் சிரிக்கறாங்க. எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துருச்சு. எதுக்கு வெச்ச பட்டனோ அதுக்குத்தான் அமுக்கோணும். இஷ்டத்துக்கு அமுக்கறதுக்கு அது என்ன ஆர்மோனியமா? மரகதத்தைக் கூப்புட்டுச் சொல்லிட்டேன், பழக்கத்தைக் கெடுக்காதேன்னு. அவ மூஞ்சியத் தூக்கிட்டுப் போனவதான், ஒரு மாசம் எட்டிப் பாக்கல.

அந்த மாசத்துலதான் இது நடந்துது. ஒருநாள் காத்தால பாத்ரூம்ல இருந்து தூக்கிச் சேர்ல வைக்கறப்பச் சித்த நழுவிட்டா. விழுகலைங்க, நழுவுனா. நாந்தான் புடிச்சிருந்தனே. ஃபோன் அடிச்சுது, ஒரு கைய எடுத்தேன், அவ்வளவுதான். தூக்கி உக்கார வெச்சுட்டேன். வலிக்குதுங்கன்னு அமுக்குனா. விழுந்தா வலிக்கத்தான செய்யும்? தைலம் தேச்சுவிட்டு ஒரு மாத்திரையும் குடுத்தேன்.

மத்தியானம் வலிக்குதுங்க. சாப்புட்ட பொறகு வலிக்குதுங்க. மறுநாள் காத்தால இருந்தே வலிக்குதுங்க வலிக்குதுங்க. இந்தாங்க, இந்த நோட்டைப் பாருங்க. லேப்ல புள்ளைக வைக்கற மாதிரியே வெச்சிருக்கறேன், தேதி, பட்டன், எத்தனை தடவை. பதினேழாம் தேதி பாருங்க. தண்ணி அஞ்சு. பாத்ரூம் ரெண்டு. வலி நாப்பத்தி ஒண்ணு. ஒரு நாள்ல நாப்பத்தி ஒரு தடவை ஒரு மனுசனுக்கு வலிக்குமுங்களா?

என்ற எடத்துல வேற ஒருத்தன் இருந்திருந்தா அவளைத் திட்டியிருப்பான். நான் திட்டல. மொதல்ல என்ற போர்டைத்தான் சந்தேகப்பட்டேன். பட்டனை ஒருக்கா அமுக்குனா, சில நேரம் உள்ள இருக்கற தகடு துள்ளி நாலு தடவை அமுக்குன மாதிரி ஆயிரும். இல்லாட்டி பக்கத்துப் பட்டனோட கோட்டுல ஈயம் ஒட்டியிருக்கும், தண்ணிய அமுக்குனா வலின்னு பேசும். ஒரே சிக்னல் ஓயாம வந்துட்டே இருந்தா மொதல்ல சர்க்யூட்டைப் பாருன்னுதான் முப்பத்தி மூணு வருசம் சொல்லிக் குடுத்தேன். அதையேதான் பண்ணுனேன். நாலு திருகாணியையும் கழட்டிப் போர்டை எடுத்துட்டு வந்து மேசைல வெச்சேன்.

ரெண்டு நாள் ஆச்சுங்க. ஒவ்வொரு கோடா மீட்டர் வெச்சுப் பாத்தேன். பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டாப் பாத்தேன். வலிப் பட்டனை மட்டும் புதுசு மாத்துனேன். அந்த ரெண்டு நாளும் அவ ஊ ஊன்னுதான் கெடந்தா, ரிப்பேர்னா அப்படித்தான, என்ன பண்றது. எனக்கு முதுகு ஒடிஞ்சு போச்சு. இந்த வயசுல எவன் பொண்டாட்டிக்காக ரெண்டு நாள் குனிஞ்சு உக்காந்து கோளாறு தேடுவான், சொல்லுங்க. போர்டுல ஒரு தப்பில்லைங்க. ஒண்ணுமே இல்ல. திருப்பி மாட்டுனேன். கைய எடுக்கறதுக்குள்ள அமுக்கறா, வலிக்குதுங்க.

போர்டு நல்லா இருக்குது. அப்புறம் கோளாறு எங்க? ஆள்கிட்டத்தான. வீம்புன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. மரகதத்தைச் சத்தம் போட்டு அனுப்புனனல்லோ, அந்த வீம்பு. நாள் பூரா என்ற கொரல்லயே என்னையப் பாத்து வலிக்குதுங்க வலிக்குதுங்கன்னா எனக்கு எப்படிங்க இருக்கும்? சோறு எறங்கல. பேட்டரிய உருவிப் போட்டிருக்கலாம். எனக்கு மனசு வரல, பாவம் பேசட்டும்னுதான் ரோசனை பண்ணி ஒரு டைமர் வெச்சேன். சின்ன சர்க்யூட். வலிப் பட்டனை ஒருக்கா அமுக்குனா, அடுத்த முப்பது நிமிசத்துக்கு அது வேலை செய்யாது. மத்த ஏழும் எப்பவும் போலப் பேசும். அவ பேச்சை நான் நிறுத்தலைங்க, ஒழுங்கு பண்ணுனேன்.

அந்த டைமர் எவ்வளவு சுத்தம்னு கேளுங்க. முப்பது நிமிசம்னா முப்பது நிமிசம். அவளும் அதைப் புடிச்சுக்கிட்டா. விரலைப் பட்டன் மேலயே வெச்சுட்டு உக்காந்திருப்பா. முப்பது முடிஞ்ச மறுநொடி, வலிக்குதுங்க. கடிகாரமே பாக்க வேண்டியதில்ல. அவ அமுக்கறதை வெச்சுத்தான் நான் உலைய எறக்குவேன்.

அப்புறம் மத்ததெல்லாம் அவளாவே கொறைச்சுக்கிட்டா. பாத்ரூம் ஒரு நாளைக்கு ஒருக்கா. தண்ணி கேக்கறதே இல்ல. நானாக் கொண்டு போனாலும் வாய இறுக்கி மூடிக்குவா. சாமி பாட்டு இல்ல, டிவி இல்ல. பாருங்க, இருபத்தி நாலாம் தேதி. தண்ணி சைபர், பசி சைபர். எவ்வளவு அடக்கமா ஆயிட்டான்னு எனக்குச் சந்தோசம். பழகிக்கிட்டான்னு நெனச்சேன்.

இருபத்தி ஏழாந்தேதி மரகதம் வந்தா. சேலை மாத்தி விடறேன்னு அக்காளோட காலைத் தூக்குனா. அப்ப ஒரு சத்தம் வந்துதுங்க சம்பூரணத்துகிட்ட இருந்து. வாதம் வந்து அத்தனை மாசத்துல அந்த மாதிரிச் சத்தம் அவ வாயில நான் கேட்டதே இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. மரகதம் பாவாடைய வெலக்கிப் பாத்தா. தொடை வீங்கி, கருநீலமா இருக்குது.

எத்தனை நாளா மாமா இப்படி இருக்குதுன்னா. எனக்கென்ன தெரியும், நான் சேலைய வெலக்கியா பாத்தேன்? அக்கா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்களான்னு கேட்டா. சொன்னாளே, அரை மணிக்கு ஒருக்காச் சொன்னாளேன்னேன். அதுதான் தம்பி நான் பண்ணுன தப்பு, உள்ளதைச் சொல்லிப்போட்டேன். மரகதம் ஆம்புலன்சுக்கு ஃபோன் பண்ணப் போயிட்டா.

இடுப்புக்குக் கீழ எலும்பு முறிஞ்சு பதினோரு நாள் ஆச்சுன்னார் டாக்டர். தண்ணி குடிக்காம கிட்னியும் போச்சு, நெஞ்சுல சளியும் கட்டிப்போச்சுன்னார். ஏன் தண்ணி குடிக்கலைன்னு என்னையக் கேக்கறார். மரகதந்தான் பதில் சொன்னா, குடிச்சாப் பாத்ரூமுக்குத் தூக்குவாங்களே, அதான்னு. அவளுக்கு எப்படித் தெரியும்? அவ என்ன கூடவா இருந்தா? நாலு நாள் இருந்தா சம்பூரணம். பொட்டியக் கழட்டிக் கொண்டாரட்டுமா, ஏதாச்சும் பேசறியான்னு பக்கத்துல போய்க் கேட்டேன். மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அத்தனை பாடுபட்டுப் பண்ணுன பொட்டி. கடைசியா ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லாமப் போயிட்டா.

கருமாதி அன்னைக்கு எல்லாரும் கூடியிருக்கறப்ப மரகதம் எந்திரிச்சு அந்த வார்த்தையச் சொல்றா, பொட்டியாலதான் செத்தான்னு. நான் நோட்டைத் தூக்கிட்டு எந்திரிச்சேன். தேதி வாரியா, தடவை வாரியாக் காட்டறேன், போர்டு ஒரு நாள்கூடத் தப்புப் பண்ணல, அவ அமுக்குன அத்தனை தடவையும் சுத்தமாச் சொல்லியிருக்குதுன்னு சொல்ல வந்தேன். ஒருத்தர் காதுல வாங்கல. பங்காளி ஒருத்தர் என்ற தோளைப் புடிச்சு அமுத்தி உக்கார வெச்சுட்டார். சொல்றதுக்கு வாய் நெறைய இருந்தும் ஒரு மனுசனைச் சொல்ல உடாம உக்கார வெச்சா அவனுக்கு எப்படி இருக்கும்னு அங்க ஒருத்தராச்சும் நெனச்சாங்களா? எட்டு மாசமா அதைத்தான் நெனச்சு நெனச்சு மாயறேன்.

இதுதானுங்க அந்தப் போர்டு. கையில வாங்கிப் பாருங்க. ஒரு ஜாயின்ட்டாச்சும் மங்கியிருக்குதா பாத்தீங்களா? பட்டன் மட்டுந்தான், இந்த ஏழாவது, மேல் மூடி தேஞ்சு ஓட்டை உழுந்து, உள்ள தகடு தெரியுது. டைமர் ஓடறப்பவும் அமுக்கியிருக்கறா போல. வேலை செய்யாதுன்னு தெரிஞ்சும் அமுக்குனா அப்படித்தான தேயும்? மட்டமான பட்டனுங்க, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான். உங்களுக்கு நல்ல பட்டனாவே போட்டுத் தாறேன்.

உங்க அம்மா சேருக்கு அளவெடுத்துக்கறேன். கொரல் உங்களுதையே பதிஞ்சிரலாம், ஒரு பொழுது வந்தாப் போதும். டைமரைத் தனியா ஒட்டாம இந்தத் தடவை போர்டோட போர்டா வரைஞ்சர்றேன். பின்னாடி ஒரு திருகு இருக்கும், பத்து நிமிசமோ ஒரு மணியோ, உங்க சௌகரியத்துக்கு வெச்சுக்கலாம்.

என்ன, அம்மா உங்க சட்டையப் புடிச்சு வாசப்பக்கம் இழுக்கறாங்க? வெளிய காத்தாட உக்காரோணும் போல. இருங்கம்மா, சித்த நேரம், முடிஞ்சுது. கைய உடுங்கம்மா, பையன் சொல்லட்டும். தம்பி, அந்தப் பேனாவ எடுங்க. எட்டுப் பட்டன். உங்கம்மா என்னென்ன பேசோணும், சொல்லுங்க, எழுதிக்கறேன்.